ஒழுங்கான மனிதர், எழும்பாத கால்கள்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

கிளினிக்கிலிருந்து என்னிடம் அனுப்பப்படுபவர்கள் கொண்டுவரும் துண்டில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும்: "உடற்பயிற்சி செய்ய ஊக்கம் இல்லை." இரத்தத்தில் இரும்பு குறைவு என்று எழுதுவது மாதிரி. ஊக்கம் என்பது ஒரு சத்து, இவரிடம் அது குறைந்துவிட்டது, நான் கொஞ்சம் ஏற்றிவிட வேண்டும். உளவளத்துணை வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பை மாற்றியவர்களில் ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு.

அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். பெயருக்குப் பதிலாக 'சேர்' என்றே குறிப்பிடுகிறேன். ஊரில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கோபம் வந்தால் அவருடைய மனைவியும்.

சேருக்கு 53 வயது. உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறார், 27 வருடமாக. வீடு உவர்மலையில். காலை நாலரைக்கு எழும்பி விடைத்தாள் திருத்துவார். பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு முடியும். இரண்டரையிலிருந்து ஆறரை வரை ரியூசன். சனி, ஞாயிறு காலையிலும் வகுப்பு. லீவு எடுப்பதே அபூர்வம். மகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கு எடுத்த இரண்டு நாளைப் பற்றி இன்னமும் சமாதானம் சொல்கிறார். சீனி வருத்தம் வந்து ஆறு வருடம். என்னிடம் வந்தபோது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.1. வாரத்துக்கு 150 நிமிடமாவது நடக்கச் சொல்லி வைத்தியர் கிளினிக் கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டிருந்தார். (150 முதல் 300 நிமிடம், மிதமான வேகத்தில். உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு அது.)

முன்பு மூன்று தரம் முயன்றிருக்கிறார். முதல் தரம் உட்துறைமுக வீதியில் பதினொரு நாள் நடந்தார். இரண்டாம் தரம் யாரோ வெளிநாடு போகும்போது விற்ற ட்ரெட்மில்லை வாங்கினார். இப்போது மழைக்காலத்தில் அதில் உடுப்புக் காய்கிறது. மூன்றாம் தரம் போனில் அடி எண்ணும் செயலி, ஒரு நாளைக்கு 10,000 அடி. 9,400 வந்த ஓர் இரவு, பதினொன்றரை மணிக்கு வீட்டு விறாந்தையில் மேலும் கீழும் நடந்து மிச்சம் 600ஐ முடித்திருக்கிறார். அடுத்த நாள் 7,000தான் வந்தது. செயலியை அழித்துவிட்டார். அந்த 10,000 எந்த மருத்துவ ஆய்விலும் பிறந்த எண் இல்லை, 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவிக்கு வைத்த பெயர் அது என்று நான் பிறகு சொன்னபோது, ஏமாற்றப்பட்டவர் மாதிரிப் பார்த்தார்.

முதல் திட்டம், என் பிழை

அந்த செப்டெம்பரில் நான் போட்ட கணக்கு இதுதான். வேலையில் இவ்வளவு ஒழுங்கான மனிதர். அந்த ஒழுங்கை அப்படியே தூக்கி நடைப்பயிற்சிக்குள் வைத்தால் போதும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஒரு கொப்பி கொடுத்தேன். ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடம் நடந்தார் என்று எழுதச் சொன்னேன்.

சேர் எழுதுவதோடு நிற்கவில்லை. சிவப்புப் பேனையால் நிரல் பிரித்து, ஒவ்வொரு நாளுக்கும் நூற்றுக்கு மார்க் போட்டார். 30 நிமிடம் என்றால் 100. 24 நிமிடம் என்றால் 80. நாற்பத்தைந்து நாள் ஓடியது. அப்புறம் மாரி தொடங்கியது. முதல் நாள் மழை, இரண்டாம் நாள் தடிமன், மூன்றாம் நாளிலிருந்து அமைதி. எனக்கு வர வேண்டிய சந்திப்புக்கும் வரவில்லை. போன் எடுத்தால் வகுப்பில் நிற்கிறேன் என்றார். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணி.

ஐந்து கிழமை கழித்துக் கொப்பியோடு வந்தார். விட்ட நாள் ஒவ்வொன்றுக்கும் பூச்சியம் போட்டு, விடைத்தாளில் போடுவது போல அதைச் சுற்றி வட்டமும் போட்டிருந்தார். கடைசி வரியில் சராசரி: 54. உயர்தரப் பரீட்சையில் 'சி' எடுக்க 55 வேண்டும், அதற்குக் கீழே 'எஸ்', வெறும் சித்தி.

"'எஸ்' தான் தம்பி. ஒரு மார்க்கால 'சி' போச்சு" என்றார். சிரிக்கவில்லை.

நடக்காத நாளுக்கும் குந்தியிருந்து மார்க் போட்ட மனிதரிடம் ஊக்கம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஏராளமாக இருந்தது. அது எந்த வகை என்பதுதான் விஷயம்.

கன்னியாவின் ஏழு கிணறு

அமெரிக்க உளவியலாளர்கள் எட்வேர்ட் டெசியும் ரிச்சட் ரயனும் 1970களிலிருந்து கட்டியெழுப்பிய கோட்பாடு, ஊக்கத்தை அளவால் மட்டும் பார்க்காமல் தரத்தால் பிரிக்கிறது. ஒரு காரியத்தை அதிலுள்ள சுகத்துக்காகவே செய்வது ஒரு கரை. ஏசுவார்கள், பரிசு தருவார்கள் என்பதற்காகச் செய்வது மறுகரை. நடுவிலும் படிகள் உண்டு, அவற்றில் இரண்டு இங்கே முக்கியம். 'இது எனக்கு முக்கியம், ஆகவே செய்கிறேன்' என்பது ஒன்று. 'செய்யாவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன்' என்பது மற்றது. இந்தக் கடைசி வகைதான் ஆளை ஏமாற்றும். வெளியில் யாரும் பிரம்போடு நிற்கவில்லை, ஆகவே சொந்த விருப்பம் போலத் தெரியும். பிரம்பு உள்ளுக்குள் இருக்கும்.

டிசம்பரில் அவரிடம் ஒரு வினாக்கொத்தைக் கொடுத்தேன். டேவிட் மார்க்லண்டும் வனெசா டோபினும் 2004இல் வெளியிட்டது. உடற்பயிற்சிக்கு ஆட்கள் சொல்லும் காரணங்களைப் பற்றிய 19 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. தமிழில் நானே ஆக்கிக் கேட்டேன், ஆகவே எண்களைத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். குற்ற உணர்வு பற்றிய வாக்கியங்கள் மூன்று: செய்யாவிட்டால் குற்றமாக இருக்கும், தவறவிட்டால் வெட்கமாக இருக்கும், கொஞ்ச நாள் செய்யாவிட்டால் தோற்றுப்போனவன் போல இருக்கும். மூன்றுக்கும் 4 போட்டார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஒவ்வொரு பகுதியின் சராசரியையும் அதற்குரிய நிறையால் பெருக்கிக் கூட்டினால் ஒரு மொத்த எண் வரும். மிகக் கட்டாயப்பட்ட ஆளுக்கு −24, மிகச் சுதந்திரமான ஆளுக்கு +20. சேருக்கு −5. கூட்டலை என் கையிலிருந்து வாங்கி அவரே சரிபார்த்தார்.

இந்தக் குற்ற உணர்வு நடைப்பயிற்சியில் முளைத்ததா? அதைக் கேட்டபோதுதான் வேலை பிடிபட்டது. கனடாக்காரரான ரொபர்ட் வலராண்ட் 1997இல் முன்வைத்த மாதிரி ஊக்கத்தை மூன்று தட்டாகப் பார்க்கிறது. மேலே ஒரு மனிதரின் பொதுவான சுபாவம். நடுவில் வாழ்க்கையின் தனித்தனிக் களங்கள்: படிப்பு, வேலை, உறவு, ஓய்வு. அடியில் இன்று, இந்த நிமிடம். மேல்தட்டு கீழ்த்தட்டை நனைக்கும். கீழ்த்தட்டில் திரும்பத் திரும்ப நடப்பதும் நாளடைவில் மேலே ஏறும். ஒரு களம் மற்றக் களத்துக்குள்ளும் கசியும்.

கன்னியாவுக்குப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், கைக்கெட்டும் தூரத்தில் பக்கம் பக்கமாக. ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். ஆனால் கீழே சூடாக்குவது ஒரே பூமிதான். சேரின் 'நடைப்பயிற்சி' என்ற கிணற்றில் வாளியைப் போட்டு, தண்ணீர் சரியில்லை என்று நான் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

வேலைக் கிணற்றில் இறங்கிப் பார்த்தோம். இருபத்திரண்டு வயதில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு மாமரத்தின் கீழ் கணக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பற்றிப் பேசும்போது அவருடைய கை தானாக வடிவங்களை வரைந்தது. இன்றைய வகுப்பைப் பற்றிப் பேசும்போது வந்த சொற்கள் வேறு: பெறுபேறு, பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் ஸ்கோர், எத்தனை 'ஏ', போன வருடத்தை விட இரண்டு குறைவு, பெற்றோர் என்ன சொல்வார்கள். காசும் மார்க்கும் வந்த இடத்தில் பழைய சுகம் மெலிந்துவிட்டது. டெசி 1971இல் புதிர்க் கட்டைகளை வைத்துச் செய்த சோதனையில், காசு வாங்கிய மாணவர்கள் காசு நின்றதும் புதிரோடு முன்பு செலவிட்ட நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். சேருக்கு அதைச் சொன்னேன். "அது எனக்கு விளங்குது" என்று மட்டும் சொன்னார்.

ஆக, வேலையில் நாங்கள் கண்டு வியக்கும் அந்த ஒழுங்கின் பெரும்பகுதி பயத்தால் ஓடுவது. அதைத்தான் நான் கொப்பி கொடுத்து நடைக்குள் கொண்டுவந்தேன். ஒழுங்கோடு சேர்ந்து பிரம்பும் வந்தது.

மைதானத்தைச் சுற்றி இரண்டு றவுண்ட்

ஜனவரியில் ஒரு நாள், பேச்சோடு பேச்சாக, சின்ன வயதில் விளையாட்டு எப்படி என்று கேட்டேன். "விளையாட்டா? பிந்தி வந்தா மைதானத்தைச் சுத்தி ஓட விடுவினம். அதுதான் என்ர விளையாட்டு" என்றார். அவருடைய வீடு பள்ளிக்கூடத்துக்குத் தூரம். கிழமையில் இரண்டு மூன்று நாள் பிந்துவாராம். மழை பெய்து சேறாகக் கிடந்தாலும் ஓட வேண்டும். மற்றப் பிள்ளைகள் வகுப்பு ஜன்னலால் பார்ப்பார்கள்.

சொல்லிவிட்டுக் கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அதைத்தான் குடுக்கிறன் தம்பி. பிந்தி வாற பெடியளுக்கு. போன வியாழக்கிழமையும் ரெண்டு பேரை ஓட விட்டனான்."

நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது?

உளவியலாளர் மார்ட்டின் ஹாகரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2003இல் பிரித்தானியப் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்தது இதனோடு தொடுப்புடையது. உடற்கல்விப் பாடத்தில் பிள்ளைக்குக் கிடைக்கும் சொந்த விருப்பம், பள்ளி விட்ட பிறகு அந்தப் பிள்ளை தானாக ஓடியாடுவதற்கான விருப்பத்துக்குள் கடந்து போகிறது. வகுப்பறையிலிருந்து வீதிக்கு. அப்படியானால் வெறுப்பும் அதே வழியால் போகாதா என்பது என் கேள்வி. சேரின் உடம்பைப் பொறுத்தவரை ஓட்டம் என்பது ஒரு தண்டனையின் பெயர். நாற்பது வருடம் கழித்து ஒரு வைத்தியர் அதே தண்டனையை எழுதிக் கீழே இரண்டு கோடு போட்டால், கால் எழும்பாதது சோம்பலா?

கொட்டில்

"பின்னேரம் ஆறரைக்கு ரியூசன் முடிஞ்சா என்னட்ட ஒண்டும் மிச்சமில்லை" என்பது சேரின் நிரந்தர வாதம். மனவலிமை ஒரு தொட்டி, பகலில் இறைத்துவிட்டால் இரவில் வெறும் தொட்டி என்ற எண்ணம் உளவியலிலும் 1990களின் கடைசியிலிருந்து செல்வாக்கோடு இருந்தது. 2016இல் 23 ஆய்வுகூடங்கள் சேர்ந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் அதைத் திரும்பச் சோதித்தபோது விளைவு கிட்டத்தட்டப் பூச்சியம். அந்தச் சோதனையை வழிநடத்தியவரும் மேலே சொன்ன அதே ஹாகர்தான். களைப்பு பொய் என்று சொல்ல வரவில்லை. நாலு மணி நேரம் கரும்பலகை முன்னால் நின்றவருக்குக் கால் நோகும். ஆனால் 'ஒன்றும் மிச்சமில்லை' என்பதை நான் என் கண்ணால் சோதிக்க முடிந்தது.

ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்த நேரம் வீட்டுக்குப் போனேன். அவர் அங்கே இல்லை. "கொட்டிலுக்க நிப்பார்" என்றார் மனைவி. நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பின்வளவில் தகரம் போட்ட சின்னக் கொட்டில். உள்ளே ஐந்து சைக்கிள். சுவரில் தொங்கிய பழைய ராலே அவருடைய அப்பாவுடையது. மற்றவை ஒழுங்கைப் பெடியளுடையவை. யாரிடமும் காசு வாங்குவதில்லை.

சேர் ஒரு முன்சில்லின் கோணலை நிமிர்த்திக்கொண்டிருந்தார். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுழற்றிவிட்டு, ஒரு சோக்குக் கட்டியை விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் பிடித்தார். சில்லு எந்த இடத்தில் வெளியே தள்ளுகிறதோ அந்த இடத்தில் மட்டும் சோக்கு உரசி வெள்ளைக் கோடு விழுந்தது. பாடசாலைச் சோக்கு. அந்தக் கோட்டுக்கு மறுபக்கத்துக் கம்பியைக் கால் சுற்று இறுக்கினார். கோட்டை விரலால் அழித்தார். மறுபடி சுழற்றினார். கோடு குறுகியது. மறுபடி. சாவி எடுக்க எழும்பினார், பார்க்கக் குந்தினார், எண்ணெய் எடுக்க எழும்பினார். முழங்கால் நோவால் நடக்க ஏலாது என்று கொப்பியில் எழுதிய அதே மனிதர். நான் வேலை இல்லாமல் எண்ணினேன், முப்பத்தொரு தரம் குந்தி எழும்பினார். ஒன்றரை மணி நேரம். ஒரு தரமும் நேரத்தைப் பார்க்கவில்லை. ஒரு தரமும் 'சரியா' என்று என்னைக் கேட்கவில்லை.

மார்க் இல்லாத இடம் அவருடைய வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

இரண்டாவது திட்டமும் அதன் சறுக்கலும்

கொட்டிலைக் கண்டதும் சைக்கிள்தான் மருந்து என்று முடிவு கட்டுவது இலகு. நானும் கட்டினேன், ஆனால் இந்தத் தரம் வாயைத் திறக்கவில்லை. டெசியும் ரயனும் மனித மனத்துக்கு அடிப்படையாக வேண்டும் என்று சொல்பவை மூன்று: என் இஷ்டம், என்னால் ஏலும், எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் திட்டம் போட்டுக் கொடுத்தால் முதலாவது அங்கேயே செத்துவிடும். "திருத்தின சைக்கிள் சரியா ஓடுதோ எண்டு எப்படிப் பாக்கிறனீங்கள் சேர்?" என்று மட்டும் கேட்டேன்.

"பெடியள் ஓடிப் பாப்பாங்கள்."

இரண்டு கிழமை கழித்து, சுவரில் தொங்கிய ராலே கீழே இறங்கியிருந்தது. ரயரும் ரியூப்பும் புதிது. பெப்ரவரியில் ஒரு ஞாயிறு பின்னேரம், ஒழுங்கைப் பெடியள் நாலு பேரோடு கோட்டை வாசல் வரை போய்வந்தார். அங்கே திரியும் மான்களுக்குப் பக்கத்தில் நின்று பெடியள் போட்டோ எடுக்க, இவர் ஒருவனின் பிரேக் கட்டையைச் சரிசெய்தாராம். திரும்பும்போது உவர்மலை ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. இறங்கித் தள்ளினார்.

"தள்ளினது கணக்கில வராது என்ன?" என்று என்னிடம் கேட்டார்.

"பெடியளும் தள்ளினவங்களா?"

"ஓம். ரெண்டு பேர்."

"அவங்கள் என்ன சொன்னவங்கள்?"

யோசித்தார். "ஒண்டும் சொல்லேல்லை. ஐஸ்பழத்தைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு தள்ளினாங்கள்."

மார்ச் மாதம் வரை நன்றாகப் போனது. உப்புவெளி தாண்டிச் சாம்பல்தீவுப் பாலம் வரை போகத் தொடங்கினார். இந்த இடத்தில் எழுத்தை நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் மார்ச் கடைசியில் மகளின் போனில் கிலோமீற்றர் காட்டும் செயலி ஒன்றைக் கண்டுபிடித்தார். மாதம் 100 கிலோமீற்றர் என்று தானே இலக்கு வைத்தார். பெடியள் மெதுவாக ஓடுகிறார்கள் என்று தனியே போகத் தொடங்கினார். பழைய பிரம்பு புதிய சில்லில் ஏறிக்கொண்டது. மூன்றாம் கிழமை வலது முழங்கால் வீங்கியது. எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஓய்வு என்றார் வைத்தியர். ஓட்டம் நின்றது.

மறுபடியும் ஐந்து கிழமை காணாமல் போவார் என்று எதிர்பார்த்தேன். பன்னிரண்டாம் நாள் அவரே போன் எடுத்தார். முழங்கால் பரவாயில்லை, பெடியன் ஒருவனின் செயின் கழன்றுவிட்டது, கொட்டிலுக்குப் போனேன், அப்படியே கடைத்தெரு வரை ஓடிப் பார்த்தேன் என்றார். குரலில் சமாதானம் சொல்லும் தொனி இல்லை.

அந்த நாளிலிருந்து நான் என் அளவுகோலை மாற்றிக்கொண்டேன். எத்தனை நாள் செய்தார் என்று பார்ப்பதில்லை. விட்ட பிறகு திரும்ப எத்தனை நாள் எடுத்தது என்று பார்க்கிறேன். முதல் தரம் ஐந்து கிழமை, அதுவும் வெட்கத்தோடு. இரண்டாம் தரம் பன்னிரண்டு நாள். ஜூனில் தவணைப் பரீட்சை திருத்தும் வேலை வந்து விட்டபோது நாலு நாள். பிலிப்பா லல்லியும் அவருடைய குழுவினரும் லண்டனில் 96 பேரிடம் ஒரு பழக்கம் எப்படி ஊறுகிறது என்று பார்த்து 2010இல் வெளியிட்ட ஆய்வை அவருக்குச் சொன்னேன். நடுவான கணக்கு 66 நாள். ஆளுக்காள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை நீண்டது. இடையில் ஒரு நாள் தவறினால் பழக்கம் ஊறுவதில் குறிப்பிடத்தக்க கெடுதல் இல்லை. சேர் 66ஐயும் 254ஐயும் விட்டுவிட்டு அந்தக் கடைசித் துண்டைத்தான் பிடித்துக்கொண்டார். "அப்ப பூச்சியம் பூச்சியம் இல்லை" என்றார்.

மே மாதம் கச்சான் என்ற வெப்பக் காற்று தொடங்கியதும் பின்னேர ஓட்டத்தைக் காலை ஐந்தரைக்கு மாற்றினார். விடைத்தாள் திருத்தும் நேரத்தில் கொஞ்சம் போயிற்று. அதைத் தானே சொன்னார், நான் கேட்கவில்லை.

கீழிருந்து மேலே

ஆகஸ்டில் அதே 19 வாக்கியங்களையும் மறுபடி கேட்டேன். குற்ற உணர்வுப் பகுதி 12இலிருந்து 6க்கு வந்திருந்தது. மொத்த எண் −5இலிருந்து +7. எச்பிஏ1சி 7.3. அதற்கான பெருமையைச் சைக்கிளுக்குக் கொடுக்க எனக்கு ஆசைதான். ஆனால் ஏப்ரலில் மெட்ஃபோர்மின் என்ற சீனி மாத்திரையின் அளவைக் கூட்டியிருந்தார்கள், அக்கா இரவுச் சோற்றைக் குறைத்துக் குரக்கன் பிட்டுக்கு மாற்றியிருந்தார். எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க வழியில்லை.

நான் எதிர்பார்க்காத மாற்றம் வகுப்பில். பெப்ரவரியில் ஒரு நாள் ஒரு பெடியன் பன்னிரண்டு நிமிடம் பிந்தி வந்தான். ஓடு என்று சொல்ல வாய் திறந்தாராம், சொல்லவில்லை. பிந்தி வருபவர் அன்றைய முதல் கணக்கைப் பலகையில் செய்ய வேண்டும் என்று மாற்றினார். அதுவும் தண்டனைதானே என்று கேட்டேன். "ஓம். ஆனா பிழையாச் செய்தாலும் மார்க் இல்லை" என்றார். பெடியள் இன்னமும் பிந்தித்தான் வருகிறார்கள். வலராண்ட் சொன்ன 'கீழிருந்து மேலே' இதுதானா? ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது. அவர் மாறத் தயாராக இருந்த வருடத்தில் நான் எதிரே இருந்தேன் என்பதும் ஒரு விளக்கம்.

ஒரு களத்தின் நல்ல ஊக்கம் எப்போதும் மற்றதற்குக் கசியும் என்றும் நினைத்துவிடக் கூடாது. என்னிடம் வரும் ஒரு கடைக்காரர் தன் வியாபாரத்தை உயிராக நேசிக்கிறார். பயமில்லை, மார்க்கில்லை, முழுச் சுகம். ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் கடையில் நிற்கிறார், ஒரு சொட்டும் உடற்பயிற்சிக்கு வரவில்லை. ஊற்று நல்லது, தண்ணீர் முழுக்க ஒரே தோட்டத்துக்குப் போகிறது. அவருக்குச் சேரின் வழி உதவாது. அங்கே கேட்க வேண்டியது நேரம் பற்றிய கேள்வி.

சேரின் விஷயத்தில் நான் கவனிக்கத் தவறியது ஒன்று உண்டு. ஆறு வருடமாக அவரை நடக்கச் சொல்லித் தள்ளியது அக்காதான். "நான் தள்ளாட்டி இவர் எழும்ப மாட்டார் தம்பி" என்பார். இரண்டாவது திட்டத்தின்போது, ஒரு மாதம் நடையைப் பற்றியோ சைக்கிளைப் பற்றியோ ஒன்றும் கேட்க வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். கடினமாகத்தான் இருந்திருக்கும், செய்தார். ஆகஸ்ட் சந்திப்பு முடிந்து நான் படியிறங்கும்போது அக்கா பின்னால் வந்தார்.

"எனக்கும் போன மாசம் சீனி 140 காட்டினது. சாப்பிடாமத்தான் எடுத்தது. இவருக்குச் சொல்லேல்லை" என்றார். "நான் எப்ப நடக்கிறது? காலையில இவருக்குச் சாப்பாடு, பிள்ளைக்குச் சாப்பாடு. பின்னேரம் ரியூசன் பெடியள் வந்து நிப்பாங்கள், தண்ணி கேப்பாங்கள். எனக்கு என்ன விருப்பம் எண்டு ஆரும் கேட்டதும் இல்லை, நான் யோசிச்சதும் இல்லை."

முதலில் கிளினிக்குக்குப் போய் மறுபடி இரத்தம் கொடுக்கச் சொன்னேன். பிறகு ஒரு புதுக் கோப்பு திறந்தேன். முதல் சந்திப்பு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே முக்கால். மீன்காரர் வந்து போய், உலை வைப்பதற்கு முன்னால் அவருக்கு இருக்கிற நேரம் அதுதான்.